தள்ளுபடி என்ற ஒரே சொல்லில் எத்தனை கணக்கு?

கேள்வி இது: "ஐந்து ஆண்டுகளில் வங்கிகள் பெருமுதலாளிகளின் 10 லட்சம் கோடி ரூபாய்க் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டன என்கிறார்கள். அது தள்ளுபடியே இல்லை, வெறும் கணக்கு நடைமுறை என்கிறது இன்னொரு தரப்பு. எது உண்மை? மக்களைக் குழப்புவதற்காகவே இப்படிச் சொற்களை உருவாக்குகிறார்களா?"

இரண்டு தரப்பும் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன. மீதிப் பாதி "தள்ளுபடி" என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

அந்தச் சொல்லை நாம் எங்கெல்லாம் கேட்கிறோம்? ஆடி மாதம் ஜவுளிக்கடையில் விலையைக் குறைத்தால் தள்ளுபடி. நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்தால் தள்ளுபடி. விவசாயி கட்ட வேண்டிய பயிர்க்கடனை அரசு ஏற்றுக்கொண்டால் தள்ளுபடி. வசூலாகாத கடனை வங்கி தன் இருப்புநிலைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் அதற்கும் தள்ளுபடி. கடைசி இரண்டுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொற்கள். ஒன்று வெய்வர், மற்றது ரைட்-ஆஃப். தமிழ்ச் செய்தியில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடுவதால், தலைப்பைப் படிப்பவர் இரண்டையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

முதலில் வெய்வர், அதாவது கடனையே இல்லாமல் செய்வது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகள் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அந்த விவசாயிகள் இனி எதுவும் கட்ட வேண்டியதில்லை. கடன் தீர்ந்தது, அடமானப் பத்திரம் கைக்கு வந்துவிடும். அந்தத் தொகையைக் கூட்டுறவு வங்கிக்கு அரசு கொடுத்தாக வேண்டும். யார் விட்டுக்கொடுத்தார், யாருக்கு, யார் பணத்திலிருந்து என்ற மூன்றுக்கும் இங்கே பதில் இருக்கிறது.

ரைட்-ஆஃப் வேறு. அதைப் புரிந்துகொள்ள வங்கிக் கணக்கின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும். வங்கியில் நாம் போடும் டெபாசிட் அதற்குப் பொறுப்பு (திருப்பித் தர வேண்டியது), அது கொடுக்கும் கடன் சொத்து. தவணை 90 நாளுக்கு மேல் நின்றுவிட்டால் அந்தச் சொத்து "செயல்படாச் சொத்து", அதாவது வாராக்கடன் ஆகிறது. (குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு இரண்டு சாகுபடிப் பருவம் வரை பொறுப்பார்கள்.) அதற்குப் பிறகு, பணம் வராமல் போகலாம் என்று வங்கி ஆண்டுதோறும் தன் லாபத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

போதுமான அடமானம் உள்ள 100 கோடி ரூபாய்க் கடன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் ஓராண்டு அது "தரங்குறைந்த" வகை, ஒதுக்கீடு 15 கோடி. பிறகு "சந்தேகத்துக்குரிய" வகைக்குப் போகிறது. அங்கே முதல் ஓராண்டில் ஒதுக்கீடு 25 கோடியாகவும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 40 கோடியாகவும் உயர வேண்டும். அதையும் தாண்டினால் முழு 100 கோடி. அடமானம் இல்லாத பகுதிக்குச் சந்தேகத்துக்குரிய வகையில் நுழைந்த உடனேயே 100 சதவீதம். ஆக, வாராக்கடனாகி நான்கு ஆண்டு கடந்த கடனுக்கு நிகர மதிப்பு பூஜ்யம். ஒரு பக்கம் 100 கோடிச் சொத்து, எதிரில் 100 கோடி ஒதுக்கீடு. இரண்டையும் சேர்த்து ஏட்டிலிருந்து எடுப்பதுதான் ரைட்-ஆஃப். நஷ்டம் அன்றைக்கு வருவதில்லை. முந்தைய நான்கு ஆண்டுகளில் துண்டு துண்டாக வந்து முடிந்திருக்கும். கடன் வாங்கியவரின் பொறுப்பும் தீர்வதில்லை. வழக்கு, ஜப்தி, ஜாமீன்தாரரைத் துரத்துவது எல்லாமே தொடரலாம்.

இவ்வளவும் உண்மை. அதனால்தான் நிதியமைச்சகம் ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்தில் இதையே பதிலாகப் படிக்கிறது. ஆனால் "இது வெறும் தொழில்நுட்ப நடவடிக்கை" என்ற வாசகமும் அதே அளவுக்கு ஒன்றை மறைக்கிறது.

2022 டிசம்பரில் மாநிலங்களவையில் தந்த பதிலில் எண்கள் இருக்கின்றன. அதற்கு முந்தைய ஐந்து நிதியாண்டுகளில் வணிக வங்கிகள் ரைட்-ஆஃப் செய்தது 10,09,511 கோடி ரூபாய். அதே காலத்தில் மொத்தம் வசூலானது 6,59,596 கோடி. மேலோட்டமாகப் படித்தால் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்த 6.59 லட்சம் கோடி, ஏட்டில் இன்னும் இருக்கும் வாராக்கடன்களிலிருந்து வசூலானதையும் சேர்த்த தொகை. ரைட்-ஆஃப் ஆன கணக்குகளிலிருந்து மட்டும் வந்தது 1,32,036 கோடி. இதுவும் அதே பதிலிலேயே, அடுத்த சில சொற்களுக்குள் இருக்கிறது. கணக்குப் போட்டால் சுமார் 13 சதவீதம். பழைய ஆண்டுகளில் நீக்கிய கடனின் வசூலும் இதில் கலந்திருக்கலாம் என்பதால் இது துல்லியமான விகிதம் இல்லை. அளவு புரிய இது போதும். வசூல் உரிமை சட்டப்படி உயிரோடு இருக்கிறது என்பது உண்மைதான். அந்த உரிமையை வைத்துக்கொண்டு வந்து சேர்வது நூற்றுக்குப் பத்துப் பதின்மூன்று ரூபாய் என்பதும் உண்மைதான்.

எதிர்த்தரப்பின் பக்கமும் பிழை இருக்கிறது. இந்த 10 லட்சம் கோடி முழுவதும் பெருமுதலாளிகளுடையது இல்லை. கிரெடிட் கார்டு பாக்கி, சிறுதொழில் கடன், விவசாயக் கடன், தனிநபர் கடன் எல்லாம் அதில் அடக்கம். பெருநிறுவனங்களின் பங்கு பெரியதுதான், ஆனால் மொத்தத் தொகையையும் அவர்கள் தலையில் ஏற்றிப் பேசுவது சரியான கணக்கு இல்லை.

வங்கிகளுக்கு இதில் என்ன லாபம் என்று பார்த்தால் இரண்டு தெரிகிறது. ஒதுக்கீட்டுக்குக் கிடைக்கும் வரிக் கழிவுக்கு வரம்பு உண்டு. ஏட்டிலிருந்து நீக்கினால் வருமான வரியில் கழிவு கேட்கலாம். இரண்டாவது, வாராக்கடன் விகிதம் அழகாகிவிடும். 1,000 கோடி கடன் கொடுத்த வங்கியில் 100 கோடி வாராக்கடன் என்றால் விகிதம் 10 சதவீதம். அதில் 60 கோடியை ரைட்-ஆஃப் செய்தால் 940 கோடியில் 40 கோடி, அதாவது 4.3 சதவீதத்துக்குக் கீழே. ஒரு ரூபாய்கூட வசூலாகவில்லை. வங்கித்துறையின் மொத்த வாராக்கடன் விகிதம் 2018 மார்ச்சில் 11.2 சதவீதம், 2024 மார்ச்சில் 2.8 சதவீதம். இதில் புதிதாக வாராக்கடனாகும் கடன்கள் குறைந்தது, வசூல் மேம்பட்டது, கடன் வழங்கல் வளர்ந்தது எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ரைட்-ஆஃபுக்கும் உண்டு. "வாராக்கடன் குறைந்தது" என்ற தலைப்பில் இந்தப் பங்கு பிரித்துக் காட்டப்படுவதில்லை.

இனிதான் முக்கியமான இடம். எல்லோரும் ரைட்-ஆஃப் என்ற சொல்லை வைத்தே மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, உண்மையான விட்டுக்கொடுப்பு வேறு பெயர்களில் நடந்துகொண்டிருக்கிறது. அவற்றுள் முக்கியமானது ஹேர்கட். முடிவெட்டு என்று அர்த்தம். பங்குச் சந்தையில் பிறந்த சொல் அது. 100 ரூபாய்ப் பங்கை அடமானம் வைத்தால், விலை இறங்கிவிடுமோ என்ற பயத்தில் 80 ரூபாய்க்குத்தான் மதிப்புப் போடுவார்கள். அந்த 20 ரூபாய்க் குறைப்புக்குப் பெயர் ஹேர்கட். முடி மறுபடி வளரும் என்பதால் அந்த இடத்துக்குப் பொருத்தமான பெயர். 2016 திவால் சட்டத்துக்குப் பிறகு அதே சொல், வங்கிகள் நிரந்தரமாக இழக்கும் தொகைக்கும் ஒட்டிக்கொண்டது. இங்கே முடி வளராது. நிறுவனத்தை எடுத்து நடத்த வருபவர் கடன் கொடுத்தவர்களுக்கு எவ்வளவு தருவார் என்று சொல்வது தீர்வுத் திட்டம். திவால் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டால், அதில் இடம்பெறாத பாக்கிகள் அழிந்துபோனவை என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கிவிட்டது. சொந்த ஜாமீன் கொடுத்தவர்கள் மீது தனியாகப் போகலாம். நிறுவனத்தைப் பொறுத்தவரை கடன் போனது போனதுதான். நம் ஊர்க்காரர் "தள்ளுபடி" என்றால் எதை நினைக்கிறாரோ, அதற்கு மிக நெருக்கமானது இதுதான். ஆனால் இதை யாரும் தள்ளுபடி என்று எழுதுவதில்லை.

வீடியோகான் நிறுவனத்தின் திவால் விவகாரத்தில் ஏற்கப்பட்ட கடன் கோரிக்கைகள் சுமார் 64,838 கோடி ரூபாய். 2021 ஜூனில் மும்பைத் தீர்ப்பாயம் ஒப்புதல் தந்த திட்டத்தில் கிடைக்கவிருந்தது 2,962 கோடி. நூற்றுக்கு ஐந்து ரூபாய்கூட இல்லை. சரக்குக் கொடுத்த சிறு வணிகர்களின் நிலை இன்னும் மோசம். இது முடிவெட்டா, மொத்தமாகச் சிரைத்துவிட்ட மொட்டையா என்று தீர்ப்பாயமே தன் உத்தரவில் கேட்டது. கேட்டுவிட்டு ஒப்புதலும் தந்தது. பிறகு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 ஜனவரியில் அந்த ஒப்புதலை ரத்து செய்தது.

திவால் சட்டத்தின் வெற்றியை அளப்பதிலும் ஒரு சொல் விளையாட்டு உண்டு. 2024 மார்ச் வரையிலான தீர்வுத் திட்டங்களில் கடன் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது, அவர்களின் ஏற்கப்பட்ட கோரிக்கையில் சுமார் 32 சதவீதம். அதே தொகை, "கலைப்பு மதிப்பில்" 160 சதவீதத்துக்கும் மேல். இரண்டும் சரியான எண்கள். கலைப்பு மதிப்பு என்பது நிறுவனத்தைக் கூறுபோட்டு விற்றால் என்ன கிடைக்கும் என்ற மதிப்பீடு. பெரும்பாலும் நிறுவனம் கூடாகிப்போன பிறகு போடப்படுவது. நியாயமாகச் சொன்னால், கோரிக்கைத் தொகையில் வருடக்கணக்கில் ஏறிய வட்டியும் இருக்கும் என்பதால் 32 என்ற எண்ணும் நிலைமையைச் சற்று மோசமாகவே காட்டும். ஒருவர் 160 சதவீதம் என்று ஆரம்பித்தால், எதில் 160 என்று கேட்காமல் மேலே படிக்கக் கூடாது.

உண்மையான விட்டுக்கொடுப்பு நடக்கும் இரண்டாவது இடம் "சமரசத் தீர்வு". ஒரே தவணையில் இவ்வளவு கட்டிவிடு, மீதியை விட்டுவிடுகிறோம் என்பதே அது. வசதியிருந்தும் கட்டாதவர்களுக்கு ரிசர்வ் வங்கி மொழியில் "வேண்டுமென்றே தவறியவர்" என்று பெயர். அவர்களுடனும் இத்தகைய சமரசம் செய்துகொள்ளலாம் என்று 2023 ஜூன் சுற்றறிக்கை சொன்னபோது வங்கி ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன. ரைட்-ஆஃபுக்கு எழும் அளவுக்குப் பொதுவெளியில் சலசலப்பு எழவில்லை. சமரசம் நல்ல சொல்லாயிற்றே.

மூன்றாவது "மறுமூலதனம்". ஒதுக்கீடுகளால் கரைந்த பொதுத்துறை வங்கிகளின் மூலதனத்தை நிரப்ப, 2017 அக்டோபரில் மத்திய அரசு 2.11 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அதில் 1.35 லட்சம் கோடி பத்திரங்கள் வழியாக. இது நடக்கும் விதம் விசித்திரமானது. அரசு வெளியிடும் பத்திரத்தை வங்கி தன்னிடமுள்ள டெபாசிட் பணத்தால் வாங்கும். அந்தப் பணத்தையே அரசு திரும்ப வங்கிக்கு மூலதனமாகப் போடும். கஜானாவிலிருந்து அன்று பணம் போகாது. ஆனால் பத்திரத்துக்கான வட்டி ஆண்டுதோறும் பட்ஜெட்டிலிருந்து போகும், முதிர்வில் அசலும் போகும். வாராக்கடனின் சுமை வரி கட்டுபவர் தோளுக்கு வந்து சேரும் பாதைகளில் இது முக்கியமானது. செய்தியில் இதன் பெயர் "வங்கிகளுக்கு அரசு ஊக்கம்".

வேண்டுமென்றே குழப்புகிறார்களா என்ற கேள்விக்கு இப்போது வருவோம். இந்தச் சொற்களில் பெரும்பாலானவை ஏமாற்றுவதற்காகப் பிறந்தவை அல்ல. தொழிலுக்குள் ஒவ்வொன்றுக்கும் துல்லியமான பொருள் இருந்தது. வெளியே வரும்போது அந்தப் பொருளை வாசலிலேயே விட்டுவிட்டு வருகின்றன. கேட்பவர் வேறொன்றாகப் புரிந்துகொள்வார் என்று நன்றாகத் தெரிந்தும், அதைத் திருத்தாமல் அந்தச் சொல்லையே தேர்ந்தெடுப்பதில்தான் ஏமாற்று இருக்கிறது. இரண்டு பக்கமும் இதைச் செய்கிறது. மேடையில் "பத்து லட்சம் கோடி தள்ளுபடி" என்று முழங்குபவருக்கு ரைட்-ஆஃப் என்றால் என்னவென்று தெரியும். "தொழில்நுட்பம்தான்" என்று பதில் சொல்பவருக்கு 13 சதவீதக் கணக்கும் தெரியும்.

சொல் யாருக்கு வளைந்துகொடுக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். விவசாயக் கடன் தள்ளுபடி செய்தால் "கடன் ஒழுக்கம்" கெட்டுவிடும் என்று 2017 மார்ச்சில் அன்றைய ஸ்டேட் வங்கித் தலைவர் அருந்ததி பட்டாச்சார்யா சொன்னார். பொருளாதார வாதமாக அதில் நியாயம் உண்டு. அடுத்த தள்ளுபடி வரும் என்று எதிர்பார்த்துத் தவணையை நிறுத்துவது நடக்கிற விஷயம். ஆனால் மேலே சொன்ன 2021 தமிழகத் தள்ளுபடியில் ஒரு விவசாயிக்குச் சராசரியாக வந்தது 74,000 ரூபாய்க்கும் குறைவு. ஒழுக்கம் என்ற சொல் அங்கே வருகிறது. பல்லாயிரம் கோடி முடிவெட்டில் "மதிப்பை மீட்டெடுத்தல்" என்ற சொல் வருகிறது.

இதே சாய்வு மானியப் பேச்சிலும் உண்டு. தமிழ்நாட்டில் 2011க்கு முன் "இலவச" என்றிருந்த அடைமொழி, ஆட்சி மாறியதும் "விலையில்லா" ஆனது. விலையில்லா மிக்ஸி, விலையில்லா மடிக்கணினி. 2023 செப்டம்பரில் மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் "உரிமைத்தொகை" என்ற பெயரோடு வந்தது. பொருள் எந்தக் கடையிலிருந்து வந்தாலும் பணம் ஒரே கஜானாவிலிருந்துதான். பெயர் மாறியதும் வாங்குபவரின் தகுதியும் மாறுகிறது. இலவசம் என்றால் கையேந்துகிறார், உரிமை என்றால் தனக்குச் சேர வேண்டியதைப் பெறுகிறார். இதே நாட்டில் 2019 செப்டம்பரில் நிறுவன வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக்கியபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே மதிப்பிட்டது. அதற்கு இலவசம் என்ற பெயரும் இல்லை, விலையில்லா என்ற பெயரும் இல்லை. அது "சலுகை"கூட இல்லை, "சீர்திருத்தம்". பட்ஜெட் ஆவணத்தில் வரிச் சலுகைகளால் அரசு இழப்பதைக் காட்டும் பட்டியலுக்கு முதலில் "கைவிடப்பட்ட வருவாய்" என்ற பொருள்படும் தலைப்பு இருந்தது. பிற்பாடு "வரி ஊக்குவிப்புகளின் வருவாய்த் தாக்கம்" என்று மாற்றிவிட்டார்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்பது தனி விவாதம். பெயரிலேயே தீர்ப்பை எழுதிவிட்டுப் பிறகு விவாதிக்கக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் இங்கே சிக்கல்.

மொழிபெயர்ப்பில் நாமே உண்டாக்கிக்கொண்ட குழப்பங்களும் உண்டு. 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவை என்று அறிவித்ததற்குத் தமிழ் ஊடகங்கள் வைத்த பெயர் "பணமதிப்பிழப்பு". ரூபாய் மதிப்பிழந்த சம்பவம் வேறு. 1966 ஜூனில் ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்ததை 7.50 என்று அரசு மாற்றியது, அதுதான் மதிப்பிறக்கம். 2016இல் ரூபாயின் மதிப்பு அப்படியே இருந்தது, குறிப்பிட்ட தாள்கள் செல்லாமல் போயின. சந்தையில் காய்கறி விற்பவர்கள் "செல்லாத நோட்டு" என்று சரியாகச் சொன்னார்கள். ரத்து செய்யப்பட்ட 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி வங்கிக்குத் திரும்பியது என்று பின்னால் ரிசர்வ் வங்கி ஆண்டறிக்கை சொன்னபோது, "மதிப்பிழப்பு" என்ற சொல்லோடு அதைப் பொருத்திப் பார்க்கவே முடியவில்லை. மதிப்பிழந்தது எது, திரும்பியது எது? "செல்லாததாக்கினார்கள், ஏறக்குறைய முழுவதும் மாற்றப்பட்டுவிட்டது" என்றால் ஒரே வரியில் புரிந்திருக்கும்.

வாராக்கடன் என்ற சொல்லோ எதிர்த்திசையில் தவறுகிறது. 91ஆவது நாளிலேயே "வாராது" என்று தீர்ப்புச் சொல்கிறது. தவணை தவறிய கடைக்காரர் நான்காவது மாதம் பாக்கியைக் கட்டிக் கணக்கைச் சீராக்குவது சாதாரணமாக நடப்பது. "நின்ற கடன்" என்றால் பொருத்தமாக இருந்திருக்கும்.

பணவீக்கம் குறைந்தால் விலை குறைந்தது என்று எண்ணுவது பரவலான பிழை. 1,000 ரூபாய் மளிகை 8 சதவீதம் ஏறி 1,080 ஆகிறது. அடுத்த ஆண்டு பணவீக்கம் பாதியாகி 4 சதவீதம் என்றால் மளிகை 1,123 ரூபாய். ஏறும் வேகம்தான் குறைந்தது. வளர்ச்சி விகிதத்திலும் இதே தந்திரம். 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி ஏறக்குறைய 24 சதவீதம் சுருங்கியது. அடுத்த ஆண்டு அதே காலாண்டில் 20.1 சதவீத வளர்ச்சி. 100 என்றிருந்தது 76 ஆகி, 76இலிருந்து 91 ஆனது. "20 சதவீத வளர்ச்சி" பொய்யில்லை. 2019இல் இருந்த இடத்துக்கு அப்போதும் வரவில்லை என்பதும் பொய்யில்லை. சுருங்கியதை "எதிர்மறை வளர்ச்சி" என்பது இன்னும் வேடிக்கை. சரிவை யாராவது எதிர்மறை ஏற்றம் என்பார்களா?

தமிழ்நாட்டில் மின்கட்டணம் 2022 செப்டம்பர் 10 முதல் கூடியது. அறிவிப்புகளில் அது கட்டணத் "திருத்தம்". திருத்துவது என்றால் தப்பைச் சரிசெய்வது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று விட்டுவிட முடியாது. இதே சொற்கள் தனிமனிதர் கணக்கிலும் வந்து உட்காரும். கிரெடிட் கார்டில் 90,000 ரூபாய் பாக்கி வைத்தவரிடம் வசூல் முகவர், "40,000 கட்டுங்க சார், க்ளோஸ் பண்ணிடலாம்" என்பார். கட்டிய பிறகு, நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் "க்ளோஸ்டு" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். பாக்கியில் ஒரு பகுதியை வங்கி இழந்தது என்று அதற்குப் பொருள். அடுத்து வீட்டுக்கடன் கேட்கப் போகும்போது அந்த ஒரு சொல் முன்னால் நிற்கும். எதுவுமே கட்டாமல் விட்டால் "ரிட்டன்-ஆஃப்" என்று வரும். அதைப் பார்த்து "வங்கியே தள்ளுபடி செய்துவிட்டது" என்று நிம்மதியடைந்தவர்கள் உண்டு. மேலே சொன்ன அதே ரைட்-ஆஃப்தான் இது. கடன் அப்படியே இருக்கிறது, வசூல் அழைப்பும் வரும்.

முடிந்தால் முழுத்தொகை கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்குங்கள். சமரசமாகத்தான் முடிக்க முடியும் என்றால், பணம் கட்டுவதற்கு முன்பே, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், அறிக்கையில் என்ன நிலை பதிவாகும் என்று வங்கியின் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். முகவரின் வாட்ஸப் செய்தி போதாது. கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறு இருந்து புகார் செய்தால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

கடன் வாங்கும்போது கேட்கும் "ஃப்ளாட் வட்டி" இன்னொரு கண்ணி. ஒரு லட்சம், மூன்று ஆண்டு, 10 சதவீதம் ஃப்ளாட் என்றால் வட்டி 30,000. மாதத் தவணை 3,611 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு ஒரு லட்சத்துக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் இதே தவணைக்கு வட்டி விகிதம் ஏறத்தாழ 18 சதவீதம். 10 சதவீதம் ஃப்ளாட்டும் 14 சதவீதம் குறையும் வட்டியும் எதிரெதிரே இருந்தால், பத்தைத் தேர்ந்தெடுப்பவர் அதிகம் கட்டுகிறார். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் மற்றும் சிறுதொழில் கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்த்த உண்மையான ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தமிழில் கேட்டு வாங்கலாம். ஒப்பிட வேண்டியது அந்தத் தாளில் உள்ள ஆண்டு விகிதத்தை மட்டுமே.

கடைசியாக நகைக்கடையின் "சேதாரம்". இந்தச் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்ததில்லை, நம்முடையதே. சேதாரம் என்பது, பொற்கொல்லர் உருக்கி, அராவி, பற்றவைக்கும்போது தூளாகச் சிந்திப் போகும் தங்கம். கைவேலைக் காலத்தில் அது நிஜ இழப்பு. இன்று பெரிய பட்டறைகளில் தூளைத் திரட்டி மறுபடி உருக்கிவிடுகிறார்கள், அச்சு வார்ப்பில் இழப்பு சொற்பம். ஆனாலும் பில்லில் சேதாரம் 8, 14, 20 சதவீதம் என்று டிசைனுக்குத் தகுந்தபடி நிற்கிறது. நடப்பில் அது லாபமும் கூலியும் கலந்த ஒரு வரி. கணக்குக்கு எளிதாக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 கிராம் சங்கிலிக்கு 14 சதவீதம் சேதாரம் என்றால் 11.4 கிராமுக்குப் பணம் கட்டுகிறோம், 1,14,000. அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 1,17,420. அதே நாள் அதே சங்கிலியை விற்கப் போனால் கணக்கில் வருவது அதிகபட்சம் 10 கிராம். "சேதாரம் இல்லை" என்று விளம்பரம் செய்யும் கடையில் செய்கூலி கிராமுக்கு 1,400 ரூபாய் என்று இருந்தால் தொகை ஒரு பைசாகூட மாறாது. ஹால்மார்க்கும், 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளமும் தங்கத்தின் தரத்துக்குத்தான் சாட்சி. சேதாரத்துக்கு அவை வரம்பு கட்டுவதில்லை.

அட்சய திருதியைக்கு "சேதாரத்தில் 50 சதவீதம் தள்ளுபடி" என்று பலகை வைப்பார்கள். எந்தச் சேதாரத்தில் பாதி என்று பலகையில் இருக்காது. 20இல் பாதி 10, பக்கத்துக் கடையில் தள்ளுபடி இல்லாமலேயே 9 இருக்கும். கல்லை நீக்கிய நிகர எடை எவ்வளவு என்று கேளுங்கள். கையில் கொடுக்கப்போகும் மொத்தத் தொகையை அந்த எடையால் வகுத்து, வரும் எண்ணை அன்றைய கிராம் விலையோடு ஒப்பிடுங்கள். இரண்டு கடையிலும் இதை மட்டும் செய்தால் போதும், பலகையைப் படிக்கவே வேண்டாம்.